யாழ்ப்பாணத்துக்கு ஒரு தலைமைக் கந்தோர்

கொக்குவில்
9.10.1983

என் அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் கேட்டபடியே, இன்றிலிருந்து இந்த ஊரில் நான் காண்பதையெல்லாம் உள்ளது உள்ளபடி எழுதுவேன். கூட்டியும் எழுதமாட்டேன், குறைத்தும் எழுதமாட்டேன். முதலில் சுகம் விசாரிக்கிறேன். அம்மாவும் நானும் நன்றாக இருக்கிறோம். உங்கள் இருமல் எப்படி? போன கடிதத்தில் அதைப்பற்றி ஒரு வரியும் இல்லை. எழுதாவிட்டால் இருமல் இருக்கிறது என்றுதான் அம்மா எடுத்துக்கொள்வார்.

கொழும்பிலிருந்து கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கியபோது எங்களிடம் ஓர் உடுப்புப் பை மட்டும்தான் இருந்தது. இப்போது இருப்பவற்றை எழுதுகிறேன். இராசநாயகம் மாமா தன் அறையை எங்களுக்குத் தந்துவிட்டு விறாந்தையில் படுக்கிறார். பராசக்தி மாமி சன்னலோரத்து மேசையை எனக்கென்று ஒதுக்கி, அதன் லாச்சிக்குள் இருந்த ஊசி நூல்களையெல்லாம் வெளியே எடுத்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் பழைய சான்றிதழைக் கேட்டார்கள். அது வீட்டோடு எரிந்துவிட்டது என்று அம்மா சொன்னதும் அதிபர் என்னை ஒரு பந்தி வாசிக்கச் சொன்னார். கேட்டுவிட்டு, "காணும், நாளைக்கே வரட்டும்" என்றார். பக்கத்து வீட்டு நவமணி அக்கா இரண்டு வெள்ளைச் சீருடை தைத்துத் தந்து கூலி வாங்க மறுத்துவிட்டார். நான் எல்லாருக்கும் நன்றி சொல்லிக்கொண்டே இருப்பதால், "இனி ஒருக்கால் சொன்னியெண்டால் சோறு தரமாட்டன்" என்று மாமி வெருட்டியிருக்கிறார்.

ஆடிக் கலவரத்தில் தீக்கிரையான உங்கள் கொம்பனியின் தலைமைக் கந்தோரை ஆழ்வாப்பிள்ளை முதலாளி இனி எங்கே வைப்பது என்று யோசிக்கிறார், யாழ்ப்பாணத்தின் பெயரும் அடிபடுகிறது என்று நீங்கள் எழுதியிருந்ததைச் சாப்பாட்டு நேரத்தில் வாசித்துக் காட்டினேன். மாமா பிட்டைக் கையில் பிடித்தபடி இருந்துவிட்டார்.

"தலைமைக் கந்தோரோ, கிளைக் கந்தோரோ? வடிவாப் பார், பிள்ளை."

"தலைமை எண்டுதான் கிடக்கு, மாமா."

"கந்தோர் வந்தால் தலைமைக் கிளாக்கரும் வரத்தானே வேணும்" என்றார் மாமி, அம்மாவைப் பார்த்து. அம்மா எழுந்து போய்த் தண்ணீர் எடுத்து வந்தார். எல்லாருடைய செம்பிலும் தண்ணீர் இருந்தது.

கந்தோரும் அதோடு நீங்களும் வரவேண்டும் என்று நல்லூரில் கும்பிடும்
உங்கள் மகள்
அருந்ததி


கொழும்பு
23.10.1983

அன்பு மகள் அருந்ததிக்கு அப்பா எழுதுவது.

உன் கடிதத்தை மத்தியானம் ஒருமுறை வாசித்தேன். முதலாளி ஐயா வீட்டுக்குப் போன பிறகு மறுபடி வாசித்தேன். நான் சுகம். மழை விட்டால் இருமலும் விட்டுவிடும் என்று அம்மாவிடம் சொல்.

மாமாவைக் கேட்காமல் உன்னை ஏன் கேட்கிறேன் என்று நினைத்திருப்பாய். எங்கள் கொம்பனி பிறநாடுகளிலிருந்து கடதாசி வருவித்து இலங்கை முழுவதும் விற்பது உனக்குத் தெரியும். சிங்கப்பூரோடும் துறைமுகத்தோடும் வங்கியோடும் நாள் முழுவதும் பேச்சு நடக்கவேண்டும். அப்படியான ஒரு தலைமைக் கந்தோரை யாழ்ப்பாணம் தாங்குமா என்பதுதான் கேள்வி. முதலாளி ஐயா அச்சுவேலியில் பிறந்தவர். அவருடைய மனம் அந்தப் பக்கம் சாய்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் அவருடைய மகன் எல்லாவற்றையும் அங்கே கொண்டுவரச் சொல்கிறார். கொழும்பிலேயே மறுபடி கட்டலாம் என்பவர்களும் உண்டு.

மாமா தன் ஊரைப்பற்றிக் குறைவாக ஒரு சொல் எழுதமாட்டார். எனக்கோ உங்கள் இருவரோடும் இருக்கவேண்டும் என்ற ஆசை. ஆசைப்படுகிறவன் பார்த்துச் சொல்வதை யார் நம்புவது? ஆகவே நீ பார். கொழும்புக்கு ஒரு ரெலிபோன் கோல் எடுக்க எவ்வளவு நேரம் செல்கிறது, மின்சாரம் ஒழுங்காக வருகிறதா, கடிதங்கள் சுணங்காமல் கிடைக்கின்றனவா, வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்களா, நல்ல கட்டிடம் உண்டா. பாடத்தைக் குழப்பிக்கொள்ளாதே. போகும் வழியில் வரும் வழியில் பார்த்தால் போதும்.

உங்களைத் தாங்கும் மாமாவுக்கும் மாமிக்கும் என் வணக்கம். மாமி வெருட்டினாலும் நன்றி சொல்வதை விடாதே.

அப்பா
சீவரத்தினம்


கொக்குவில்
20.11.1983

அன்புள்ள அப்பா,

இங்கே மழை பிடித்துவிட்டது. கிணறு மேலே வந்துவிட்டது. அம்மாவும் நானும் காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்கிறோம். நீங்கள் நனைந்த உடுப்போடு கந்தோரில் இருக்கவேண்டாம் என்று அம்மா எழுதச் சொன்னார்.

எனக்கும் ஆசைதான் அப்பா. அதை முதலே சொல்லிவிட்டுப் பார்த்ததை எழுதுகிறேன்.

கோலைப்பற்றி அறிய நவமணி அக்காவோடு யாழ்ப்பாணம் தபாற்கந்தோருக்குப் போய், காத்திருப்பவர்களின் வாங்கில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்தேன். அங்கிருந்த கிளாக்கர் என்னைக் கவனித்துவிட்டார்.

"ஆருக்குக் கோல், பிள்ளை?"

"ஒருத்தருக்கும் இல்லை. பாத்துக்கொண்டு இருக்கிறன்."

"பாக்கிறதுக்கு இதென்ன தேர்த் திருவிழாவோ?"

ஆனால் நல்ல மனிதர், எழுப்பிவிடவில்லை. காலையில் கொழும்புக்குக் கோல் பதிந்த ஒரு புகையிலை வியாபாரி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, நித்திரையும் கொண்டு, பின்னேரம் வந்து மறுபடி காத்திருந்தார். சிங்கப்பூருக்கு எடுத்த ஒருவரையும் நான் காணவில்லை. கேட்டேன். கிளாக்கர் சிரித்தார்.

மின்சாரம் நிற்காத கிழமை இல்லை. மழைக்கு முன்பே நின்றுவிடும். மழை தொடங்கிய பிறகுதான் நாங்கள் காரணத்தை அறிவோம். உங்கள் கடிதம் ஒருமுறை மூன்றாம் நாள் வந்தது, ஒருமுறை பத்து நாளாயிற்று.

இனி நல்லவை. ஆங்கிலம் படித்து, தட்டெழுத்தும் தெரிந்து, வேலை இல்லாமல் இருப்பவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே ஐந்தாறு பேர். கட்டிடமும் உண்டு. கஸ்தூரியார் வீதியில் துரைராஜா ஐயாவின் மேல்மாடி. அவர் மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து இளைப்பாறியவர். சாவி போட்டுத் திறந்து காட்டினார். சன்னலைத் திறந்தால் காற்று மேசைக் கடதாசிகளைத் தூக்கும்; மேசை இன்னும் இல்லை.

இதையெல்லாம் எழுதி வைத்திருந்ததை மாமா கண்டுவிட்டார்.

"பிள்ளை, நீ ஆற்றை பக்கம்?"

"அப்பான்ரை பக்கம்."

"கொப்பர் இங்கை வரவேணும் எண்டு நினைக்கிறவள் உப்பிடி எழுதுவாளோ? ரெலிபோனைப் பற்றி உன்னை ஆர் கேட்டது?"

"அப்பாதான் கேட்டவர்."

மாமா சிறிது நேரம் முற்றத்தில் நடந்தார். பிறகு வந்து முத்திரை ஒன்றை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அம்மா இதுவரை எழுதியதை முழுவதும் வாசித்துவிட்டு, உறையைத் தானே ஒட்ட எடுத்து வைத்திருக்கிறார். அம்மாவுக்கு எவ்வளவு ஆசை என்று உங்களுக்குத் தெரியும்.

உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்
அருந்ததி


கொக்குவில்
18.12.1983

அன்புள்ள அப்பா,

என் கடிதம் கிடைத்ததா? தபால்காரர் எங்கள் படலையைக் கடக்கும்போது மணி அடிக்காமல் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு போகிறார். அவருக்கே வெட்கமாக இருக்கிறது போலும்.

ரெலிபோனைப்பற்றி அப்படி எழுதியிருக்கவேண்டாமோ என்று படுக்கும்போது நினைக்கிறேன். ஆனால் எழுதாமல் விட்டிருந்தால் வேறு எதை நினைத்துக்கொண்டு படுத்திருப்பேனோ தெரியாது.

மாமா பேசாமல் இருக்கவில்லை. துரைராஜா ஐயா, அச்சுவேலியில் இருக்கும் முதலாளி ஐயாவின் உறவினர் பொன்னம்பலத்தார், இன்னும் இரண்டு வியாபாரிகள் மாமாவோடு எல்லாருமாக ஐந்து பேர், முதலாளி ஐயாவை இங்கே அழைக்க ஒரு வரவேற்புச் சபை வைத்திருக்கிறார்கள். மாமா செயலாளர். அழைப்பை நல்ல எழுத்தில் எழுதும் வேலை எனக்கு. 'எந்நேரமும் தொலைபேசித் தொடர்பு உண்டு' என்று ஒரு வரி இருந்தது.

"மாமா, இது?"

"தொடர்பு எந்நேரமும் இருக்குத்தானே. ஆள்தான் கிடைக்காது."

நான் பேனையை மூடி வைத்தேன். மாமா பெருமூச்சு விட்டு அந்த வரியை வெட்டினார். அந்த இடத்தில் 'குடிதண்ணீர் சிறந்தது' என்று எழுதச் சொன்னார். அது உண்மை.

சுகமாக இருக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதினாலும் போதும்.

அருந்ததி


கொழும்பு
3.1.1984

அன்பு மகளுக்கு,

சுணங்கிவிட்டேன், பொறுத்துக்கொள். சுகமாக இருக்கிறேன். நீ எழுதியதை மாற்றாமல் அப்படியே முதலாளி ஐயாவிடம் கொடுத்தேன். கொடுப்பதற்கு எனக்கு இரண்டு மூன்று கிழமை எடுத்தது. அவர் வாசித்துவிட்டுத் தான் நேரில் போய்ப் பார்ப்பதாகச் சொன்னார். தைப்பொங்கல் கழிய வருவார். காலை மெயில் வண்டியில் வந்து அன்று மாலை வண்டியிலேயே திரும்புவார். கந்தோரில் ஒருவர் நிற்கவேண்டும் என்பதால் நான் வரவில்லை. அம்மாவிடம் மெல்லச் சொல்.

மாமாவிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல். அவர் மூன்று இடங்கள் பார்க்கவேண்டும்: தபாற்கந்தோர், வங்கி, கட்டிடம். அவருக்கு வயிற்றுக் கோளாறு. ஒரு வீட்டில் கொஞ்ச மோர்ச்சோறு போதும். விருந்து வேண்டாம்.

பயப்படாமல் எழுதினாய். அதற்கு உனக்கு நன்றி, பிள்ளை.

அப்பா


கொக்குவில்
12.2.1984

அன்புள்ள அப்பா,

நாங்கள் சுகம். முதலாளி ஐயாவும் சுகமாக வந்து சேர்ந்தார் என்று நம்புகிறேன். அவர் இங்கிருந்து ஏறும்போது அவ்வளவு சுகமாக இருக்கவில்லை. நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

விருந்து வேண்டாம் என்று நீங்கள் எழுதியதை மாமாவுக்கு இரண்டுமுறை வாசித்தேன். "ஓமோம்" என்றார். ஆனால் ஐயா றெயிலால் இறங்கி, மாலையைக் கழற்றி, "முதல் தபாற்கந்தோருக்குப் போவம்" என்றதும் மாமாவால் தாங்க முடியவில்லை.

"முதல் கை நனையுங்கோ ஐயா. வெறும் வயித்தோடை ஆரும் கந்தோர் பாப்பினமே?"

சாப்பிடாதவரோடு அலுவல் கதைக்கிற வழக்கம் இங்கே இல்லை. எங்கள் வீட்டில் இடியப்பமும் சொதியும். ஐயா கொஞ்சமாகத்தான் எடுத்தார். மாமி கொஞ்சமாகப் போடவில்லை. போகும்போது தபாற்கந்தோரில் மாமா கொழும்புக்கு உங்கள் இலக்கத்தைப் பதிந்தார். கோல் வர நேரமாகும், அதற்கிடையில் கட்டிடத்தைப் பார்க்கலாம் என்று சாவிக்காகத் துரைராஜா ஐயா வீட்டுக்குப் போனோம். அங்கே மேசை நிறையக் கேக்கும் பற்றிசும்.

"இப்பதான் சாப்பிட்டனான்" என்றார் முதலாளி ஐயா.

"இராசநாயகத்தார் வீட்டிலை கை நனைச்சவர் எங்கடை வீட்டிலை மாட்டாரோ? வேதக்காரர் எண்டோ?" என்று துரைராஜா ஐயாவின் மனைவி சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் அதன் பிறகு யார்தான் சாப்பிடாமல் எழும்ப முடியும்? ஐயா இரண்டு கேக் துண்டு சாப்பிட்டார்.

அதற்குள் அச்சுவேலியிலிருந்து பொன்னம்பலத்தார் காரோடு வந்துவிட்டார். பிறந்த ஊருக்கு வராமல் போனால் சனம் என்ன நினைக்கும் என்று ஏற்றிக்கொண்டு போனார். என்னோடு கதைக்கவேண்டும் என்று ஐயா சொன்னபடியால் நானும் முன் ஆசனத்தில் இருந்தேன். அங்கே போட்ட இலையை எழுத எனக்கு இன்னொரு தாள் வேண்டும். மோரும் இருந்தது, எல்லாவற்றுக்கும் பிறகு. ஐயா சாய்மனைக் கதிரையில் இருந்தார், அப்படியே நித்திரையாகிவிட்டார்.

"எழுப்புங்கோ, வங்கி பூட்டப்போறாங்கள்" என்றார் மாமா.

"என்ரை வீட்டிலை படுத்த மனிசனை நான் எழுப்பமாட்டன். நீரும் எழுப்பப்படாது" என்றார் பொன்னம்பலத்தார்.

"அப்ப கந்தோர்?"

"கந்தோர் எங்கை ஓடப்போகுது?"

வங்கி பூட்டிவிட்டது. திரும்பும் வழியில் சபையின் மற்ற இரண்டு பேருடைய வீடுகள். அந்த இருவரையும் விட முடியுமா? ஓரிடத்தில் பாயாசம், மற்ற இடத்தில் மோதகம். ஐயா காரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார், காரைப் பிடித்துக்கொண்டு ஏறினார். தபாற்கந்தோருக்குப் போனபோது என்னைத் தெரிந்த அதே கிளாக்கர் எழுந்து நின்றார்.

"கோல் வந்தது, ஐயா. உடனை வந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தம். ஆளில்லை."

மாமா சுவரில் சாய்ந்துவிட்டார். "வந்ததாம். இண்டைக்கெண்டு உடனை வந்ததாம்."

கடைசியாகக் கட்டிடத்துக்கு வந்தோம். துரைராஜா ஐயா இரண்டு மேசையும் கதிரைகளும் போட்டு, ஒரு தண்ணீர்ப் போத்தலும் வைத்திருந்தார். முதலாளி ஐயா படியேறிக் களைத்து ஒரு கதிரையில் இருந்தார். மற்றவர்களைக் கீழே இருக்கச் சொல்லிவிட்டு என்னைக் கேட்டார்.

"பிள்ளை, நீ சொல்லு. இங்கை நடக்குமோ?"

அப்பா, அந்த நேரம் நான் அம்மாவை நினைத்தேன். பிறகு சொன்னேன்: "இண்டைக்குக் கோல் வந்தது, ஐயா. ஆனால் ஒவ்வொரு நாளும் வராது. சிங்கப்பூருக்கு எடுத்தவர் ஒருத்தரையும் நான் காணேல்லை. ஆக்கள் நல்லவை. ஆனால் உங்கடை வேலைக்கு இது காணாது."

அவர் கோபிக்கவில்லை. "உன்ரை கொப்பர் தந்த கடிதத்திலையும் நீ இதைத்தான் எழுதியிருந்தனி" என்றார். "யாழ்ப்பாணத்துக்குப் போவம் எண்டு முதல் சொன்னதும் அவர்தான். வேறை ஒருத்தரும் கேக்கேல்லை."

நீங்கள்தான் கேட்டீர்கள் என்பதை எங்களுக்கு எழுதவில்லை.

ஐயா வண்டி ஏறும்போது மாமி கொடுத்தனுப்பிய பிட்டுப் பொதியை மாமா சன்னலால் நீட்டினார். ஐயா அதை இரண்டு கையாலும் வாங்கினார். அன்றைக்குப் பிறகு மாமா என்னோடு கதைக்கும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. கோபம் என்று நினைத்தேன். வெட்கம் என்று மாமி சொன்னார்.

உங்கள் மகள்
அருந்ததி


கொழும்பு
18.3.1984

அன்பு மகளுக்கு,

உங்கள் நால்வருக்கும் சுகம் கேட்டு எழுதுகிறேன்.

முடிவாகிவிட்டது. தலைமைக் கந்தோர் சிங்கப்பூருக்குப் போகிறது. கொழும்பில் ஒரு சிறு கிளை இருக்கும். நீ உள்ளதைச் சொன்னதால் இப்படியாயிற்று என்று ஒரு நாளும் நினைக்காதே. சொல்லாமல் கொண்டுவந்திருந்தால் ஒரு வருடத்தில் பூட்டியிருப்போம். அந்த ஒழுங்கைப் பிள்ளைகள் ஐந்தாறு பேரும் வேலை கிடைத்து, இழந்து, இருந்திருப்பார்கள். முதலாளி ஐயா உன்னைப்பற்றி இங்கே எல்லாரிடமும் சொல்கிறார். மாமியின் பிட்டைப்பற்றியும் சொல்கிறார். வண்டியில் ஏறியும் அதைச் சாப்பிட்டாராம்.

எனக்கு இங்கே சில காரியங்கள் முடிக்கவேண்டி இருக்கின்றன. பிறகு விபரமாக எழுதுவேன். அம்மாவிடம் கவலைப்படவேண்டாம் என்று சொல்.

அப்பா


கொழும்பு
10.4.1984

செல்வி அருந்ததிக்கு ஆசிகள்.

உன் அம்மா, மாமா, மாமி எல்லாரும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். என் வயிறு வழமைக்கு வந்துவிட்டது. ஆனால் அந்த ஒரு நாளில் சாப்பிட்டதுபோல் பல வருடங்களாக யாரும் எனக்கு அன்பாகப் போடவில்லை. எல்லாரிடமும் என் நன்றியைச் சொல்லவும்.

ஒரு காரியத்துக்காக எழுதுகிறேன். உன் அப்பாவைத் தலைமைக் கந்தோரோடு சிங்கப்பூருக்கு வரும்படி மாசியிலேயே கேட்டேன். நல்ல சம்பளம். உங்களைப் பிறகு அழைக்கலாம். எப்போது என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. 'யோசிக்கிறேன் ஐயா' என்கிறார். சித்திரையும் பிறக்கப் போகிறது. அவர் உங்களுக்கு எழுதியிருப்பார் என்று இருந்தேன். நேற்றுக் கேட்டபோதுதான் எழுதவில்லை என்று அறிந்தேன்.

எரிந்த கந்தோரிலிருந்து என்னைக் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்தவர் அவர். இதையும் அவர் எழுதியிருக்கமாட்டார். அவர் போனாலும் நின்றாலும் எனக்குச் சம்மதம். நீ அவருக்கு எழுது.

ஆழ்வாப்பிள்ளை


கொக்குவில்
6.5.1984

அன்புள்ள அப்பா,

சுகம் கேட்டால் சுகம் என்றுதான் எழுதுவீர்கள். ஆகவே இந்த முறை கேட்கவில்லை.

முதலாளி ஐயா எல்லாவற்றையும் எழுதிவிட்டார். சிங்கப்பூரையும், தீயிலிருந்து அவரைக் கொண்டுவந்ததையும். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா அடுப்படிக்குப் போய்த் தேங்காய் துருவினார். திரும்பி வந்து, "வேலையில்லாமல் வந்து மச்சான் வீட்டிலை இருக்க அந்த மனிசனுக்கு மனம் வராது. போகவும் மனமில்லை. அதுதான் எழுதேல்லை" என்றார்.

நான் முதலில் 'போங்கோ அப்பா, நாங்கள் சமாளிப்போம்' என்று ஒரு கடிதம் எழுதினேன். எழுத்தும் நன்றாக வந்தது. கிழித்துவிட்டேன். அது உண்மையில்லை. நீங்கள் போகக்கூடாது. நீங்கள் இங்கே வரவேண்டும்.

இனி எழுதுவதை மாமா சொல்லித்தான் எழுதுகிறேன், ஆனால் நானே பார்த்தது. கஸ்தூரியார் வீதி மேல்மாடியில் போட்ட மேசை கதிரைகளைத் துரைராஜா ஐயா எடுக்கவில்லை. ஒரு கந்தோர் வரப்போகிறது என்று ஊர் முழுக்கக் கதை பரவியிருந்ததல்லவா? வந்துவிட்டது என்று நினைத்துச் சனம் படியேறத் தொடங்கிவிட்டது. கொழும்பிலும் கண்டியிலும் பதுளையிலும் கடை எரிந்து வந்தவர்கள். கையில் காப்புறுதிக் கடதாசி, நட்டஈட்டுக் கடதாசி. எல்லாம் ஆங்கிலத்தில்.

"ஆர் உங்களுக்கு இது கந்தோர் எண்டு சொன்னது?" என்று துரைராஜா ஐயா கேட்டார்.

"மேசை கிடக்கு, கதிரை கிடக்கு, நீங்களும் இருக்கிறியள். வேறை என்ன வேணும், ஐயா?" என்றார் ஒரு பதுளைக் கடைக்காரர்.

துரைராஜா ஐயாவுக்குத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. நாள்தோறும் இருந்து எழுதிக் கொடுக்கிறார். பள்ளிக்கூடம் விட்டபின் நான் விலாசம் எழுதுகிறேன். ஆனால் காப்புறுதிக்காரர் திருப்பிக் கேட்கும் கேள்விகள் அவருக்கு விளங்கவில்லை. "நான் எழுதிறது கட்டுரை. அவங்கள் கேக்கிறது வேறை" என்றார். கொம்பனியின் எரிந்த கந்தோருக்கு அந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் எழுதியது நீங்கள்தானே?

சபை கூடியது. இந்த முறை மாமா சாப்பாட்டுக்கு முன்பே அலுவலைக் கதைத்தார். பொன்னம்பலத்தார் திகைத்துவிட்டார். அந்த மேசையில் இருந்து இவர்களுக்கு எழுதிக் கொடுக்க, வர்த்தகர்கள் சேர்ந்து உங்களுக்குச் சம்பளம் தருவார்கள். சிங்கப்பூர்ச் சம்பளத்தில் கால்வாசியும் வராது. அறைக்கு வாடகை வேண்டாம் என்று துரைராஜா ஐயா சொல்கிறார். மாமா உங்களுக்குத் தானே எழுத வெட்கப்பட்டு என்னைக் கேட்டார். "நான் எழுதினால் கூட்டி எழுதிப்போடுவன். நீ எழுது" என்றார்.

ரெலிபோன் இன்னும் அப்படித்தான். போன கிழமை இரண்டு நாள் ஊரடங்கு, பள்ளிக்கூடம் இல்லை. இதையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

அருந்ததி


கொழும்பு
27.5.1984

என் பிள்ளைக்கு,

இருமல் போன வருடத்திலிருந்தே விடவில்லை. இப்போது மருந்து எடுக்கிறேன். அம்மாவிடம் சொல்லலாம்.

உன் கடிதத்தை முதலாளி ஐயாவிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு எழுந்து என் கையைப் பிடித்தார். கொழும்புக் கிளைக்கு ஓர் ஆளைப் பழக்கிவிட்டு ஆனி மாதக் கடைசியில் வருகிறேன். மெயில் வண்டி.

மாமாவின் முன் வந்து நிற்கும்போது எனக்குப் பேச வராது. ஆகவே அவர் செய்ததற்கெல்லாம் என் நன்றியை நீ முன்பே வாசித்துக் காட்டிவிடு. துரைராஜா ஐயாவுக்கும் அப்படியே.

இத்தனை மாதமும் நான் எழுதாமல் விட்டவற்றையெல்லாம் நீ கண்டுபிடித்து, ஒருமுறையும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அதற்கும் நன்றி.

அப்பா


கொக்குவில்
1.7.1984

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

அருந்ததி வணக்கத்துடன் எழுதுவது. சிங்கப்பூரில் உங்களுக்குச் சாப்பாடு ஒத்துவருகிறதா? அப்பா வந்து சேர்ந்துவிட்டார். மெலிந்துவிட்டார். மாமி அவரைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் இலையைப் போட்டார். மாமா கதைக்கத் தொடங்கினார், அப்பாவும் தொடங்கினார், இரண்டு பேரும் நிறுத்திவிட்டார்கள். பிறகு மாமா, "வண்டி நேரத்துக்கு வந்ததோ?" என்று கேட்டார். "ஓம், வந்தது" என்றார் அப்பா. அப்பா எழுதி அனுப்பிய நன்றியை நான் முன்பே வாசித்துக் காட்டியது நல்லதாய்ப் போயிற்று.

அப்பாவுக்கு நல்ல இடம் ஒன்று தர இருந்தும், அவரை எங்களிடம் விட்டீர்கள். அதற்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். உங்கள் கந்தோரை எங்களால் பெற முடியவில்லை. அதை எதிர்பார்த்துப் போட்ட மேசைக்கு ஒரு வேலை வந்துவிட்டது. நீங்கள் அந்தப் படியேறி வராவிட்டால் அந்த மேசையும் இல்லை.

முந்தநாள் அப்பாவின் முதல் நாள். துரைராஜா ஐயா அவரைக் கதிரையில் இருத்திவிட்டுத் தான் வாங்கில் போய் இருந்தார். கண்டியில் நகைக்கடை வைத்திருந்த ஒருவர் தன் கடதாசிகளைத் துவாயில் சுற்றிக்கொண்டு வந்தார். ஆடியிலிருந்து எங்கெங்கோ கொண்டு திரிந்திருக்கிறார். அப்பா ஒவ்வொன்றாக வாசித்து, "இதுக்கு வழி இருக்கு" என்றார். அவர் அழவில்லை. துவாயை உதறி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, "அப்ப நான் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்" என்று கீழே போனார். எல்லாருக்கும் தேநீரோடு திரும்பி வந்தார்.

பின்னேரம் நான் விலாசம் எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா நடுவில் இருமினார், ஆனால் முன்னைப்போல் இல்லை. கடைசியாக வந்தவருக்கும் எழுதி முடித்து, பேனையை மூடி, கண்ணாடியைக் கழற்றினார்.

"காணும் பிள்ளை, வா. வீட்டை போவம்."

கொழும்பை விட்டு வந்த பிறகு 'வீடு' என்ற சொல்லை அப்பா சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தரம். சன்னல்களைப் பூட்டினேன். அப்பா சாவியை எடுத்தார். லைற்றுகளை அணைத்துவிட்டோம்.

என்றும் நன்றியுள்ள
சீ. அருந்ததி